எதிர்வீட்டு ஸ்கூட்டர்

எதிர்வீட்டு அக்காவுக்குக் கணவர் விட்டுப்போன சொத்து ஒரு ஸ்கூட்டர். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. சனி, ஞாயிறுகளில் புதுச்சேரிக்கு வரும் பிரயாணிகளுக்கு அதை வாடகைக்கு விடலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சட்டம் என்ன சொல்லுதுன்னு பாரு தம்பி" என்று என்னிடம் வந்தாள். கதை எழுதுகிறவனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று முத்தியால்பேட்டையில் இன்னும் ஒரு நம்பிக்கை உண்டு.

பார்த்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 1997-இல் வாடகை மோட்டார் சைக்கிள்களுக்கென்றே மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. விதி டில்லியுடையது, லைசென்ஸ் கொடுப்பது இங்குள்ள போக்குவரத்துத் துறை. நம்பர் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. எல்லாம் நியாயந்தான். ஆனால் லைசென்ஸ் கேட்பவரிடம் குறைந்தது 5 வண்டிகளாவது இருக்க வேண்டும்.

"அஞ்சு ஸ்கூட்டர் இருந்தா நான் ஏன் தம்பி உன்கிட்ட வர்றேன்?" என்றாள் அக்கா.

சிறுவயதில் மணிக்கூண்டுப் பக்கம் வாடகை சைக்கிள் எடுத்தவன் நான். கடைக்காரர் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வார். யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் ஜாமீன். சென்னையிலிருந்து வந்து இறங்கும் பையனுக்கு அந்த ஜாமீன் ஏது? சட்டம் வேண்டியதுதான். ஆனால் டில்லிக்கு அக்காவைத் தெரியாது. வீதியை அறிந்த சபை நகராட்சி. அதற்கோ 1968-க்குப் பிறகு 2006-இல்தான் தேர்தல் நடந்தது. அந்த மன்றமும் 2011-இல் முடிந்துபோயிற்று. வாடகை வண்டிகள் நடைபாதையை அடைத்து நின்றபோதுகூட, போய்ச் சொல்ல எங்கள் வார்டில் ஒரு கவுன்சிலர் இல்லை.

இதற்குள் ஒரு கடைக்காரர், தம் வண்டிகளோடு அதையும் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பலகையை மாற்ற வேண்டாமாம்.

"வேண்டாம் அக்கா. யார் மேலாவது மோதினா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். வண்டி உன் பேரில் இருக்கு" என்றேன். தலையை ஆட்டினாள். மாசம் பிறந்தது, பால்காரருக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் வேண்டும். ஒரு நாள் அவள் வாசலில் வண்டியைக் காணோம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். ஹெல்மெட் இல்லாமல் இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டே வேகமாய்ப் போனார்கள். வெள்ளைப் பலகை.

"நம்ம வண்டி மாதிரி இல்லே?" என்று அக்கா எழுந்து நின்றாள்.

நான் நம்பரைப் படிப்பதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.