பக்கிளின் பின்பக்கம்

பர்மிங்காமின் ஃப்ளீட் தெருவில் 1894இல் கட்டிய செங்கல் தொழிற்சாலை ஒன்று நிற்கிறது. சவப்பெட்டிகளுக்கான உலோகக் கைப்பிடி, பெயர்த்தகடு, அலங்காரத் தகடு எல்லாம் அங்கே செய்தார்கள். 1998இல் மூடினார்கள். 2014 முதல் அது அருங்காட்சியகம். என் சட்டைப்பையில் இருந்ததோ பிரிட்டிஷ் சிப்பாயின் இடைவார் பக்கிள். அந்த ஊரில் சிப்பாயின் பொத்தானும் தொப்பிச் சின்னமும் பிறந்தது, இந்தத் தொழிற்சாலையில் தகடு அடித்த அதே வகைச் சம்மட்டியின் அடியில்தான். அது விழும் சத்தத்தை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்று போனேன்.

கயிற்றை இழுத்தால் இரும்புக் கட்டை மேலேறுகிறது. விட்டால் நேரே அச்சின் மேல் விழுகிறது. காலடியில் தரை அதிர்கிறது. எடுத்துக் காட்டிய தகட்டில் ஒரே அடியில் இலையும் கொடியும் எழும்பியிருந்தன. அச்சை எஃகில் தலைகீழாக, குழியாக வெட்ட வேண்டும். மேடு வர வேண்டிய இடமெல்லாம் பள்ளம். அச்சு வெட்டுவது பர்மிங்காமில் தனித் தொழில். அடிப்பவர் வேறு, ஓரம் நறுக்குபவர் வேறு, பற்றவைப்பவர் வேறு, மெருகேற்றுபவர் வேறு. ஒரு பக்கிள் அதிகாரியின் இடுப்புக்குப் போகுமுன் இத்தனை கைகளைத் தாண்டியது.

பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அன்று உடன் வந்திருந்தார். நான் பக்கிளை நீட்டியதும் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டென்று திருப்பிப் பிடித்தார். “முகம் எல்லோரும் செய்வார்கள். பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்” என்றார்.

என்னுடையதன் முகம் மிகச் சாதாரணமானது. நடுவில் கிரீடத்தின் மேல் நிற்கும் சிங்கம். சுற்றிலும் ‘தியூ ஏ மோன் த்ருவா’ என்ற பிரெஞ்சு வாசகம். இறைவனும் என் உரிமையும் என்று பொருள். இங்கிலாந்து அரசரின் குறிக்கோள் வாசகம் இன்றும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. வட்டத் துண்டு ஒன்று, அதைச் சூழும் வளையத் துண்டு ஒன்று, இரண்டும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சாதாரணச் சிப்பாய்களுக்குப் பல படைப்பிரிவுகளில் இதே பக்கிள் என்பதால், அணிந்தவன் எந்தப் பிரிவு என்று முகம் சொல்லாது.

அதிகாரிகளின் பக்கிள் அப்படியில்லை. அதில் படைப்பிரிவின் எண்ணோ பெயரோ இருக்கும். 1881இல் காலாட்படையின் பழைய எண்களை எடுத்துவிட்டு மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள். எண் மட்டும் இருந்தால் அநேகமாக அதற்கு முந்தியது. நம் ஊரைத் தொடும் ஒரு சங்கதியும் இதில் உண்டு. அயர்லாந்துப் படையான ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் சின்னத்தில் புலியும் யானையும் இருக்கும். டப்ளினில் ஏது யானை? கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் பம்பாயிலும் வைத்திருந்த ஐரோப்பியப் படைகளின் வழிவந்த 102, 103 ஆகிய பிரிவுகளைத்தான் 1881இல் ஒன்றாக்கி அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். 102ஆவது பிரிவின் பெயரே ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். 1922இல் அந்தப் படையே கலைந்துவிட்டது. புலியும் யானையும் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் கிடக்கின்றன.

பெயரும் எண்ணும் இல்லாதபோது காலம் அறிய முதலில் கிரீடத்தைப் பார்ப்பார்கள். 1901இல் எட்வர்டு அரசரானபின் வந்த டூடர் கிரீடத்தின் வளைவுகள் கவிழ்த்த கிண்ணம்போல உருண்டு எழும். எலிசபெத் ராணியின் காலத்தில் வந்த புனித எட்வர்டு கிரீடம் நடுவில் பள்ளமாகத் தோள் இறங்கியிருக்கும். ஆனால் விக்டோரியா காலக் கிரீடமும் நடுவில் இறங்கியதுதான். 2022இல் மூன்றாம் சார்லஸ் மறுபடி டூடர் வடிவத்தையே எடுத்துக்கொண்டார். ஆகவே உருண்ட கிரீடம் நூறு வருடப் பழையதாகவும் இருக்கலாம், போன வருடத்தியதாகவும் இருக்கலாம். கையில் எடுத்தால் வேறுபாடு தெரியக்கூடும். 1950களுக்குப் பின் வந்த பல சின்னங்கள் பொன்னிறம் ஏற்றிய அலுமினியம். கனமே இருக்காது, துலக்கவும் வேண்டாம்.

பெரியவர் போலியைக் கண்டுபிடிக்கும் விதத்தைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அசலிலிருந்து மண்ணில் படியெடுத்து உருக்கி ஊற்றினால், ஆறும்போது பித்தளை சுருங்கும். படி அசலைவிடச் சற்றே சிறியதாகிவிடும். எழுத்தின் விளிம்பு மழுங்கும். பின்பக்கத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும். அதற்காக வார்ப்பு என்றாலே போலி என்றும் தள்ளிவிட முடியாது, அந்தக் காலத்திலேயே வார்த்தும் செய்தார்கள், அடித்தும் செய்தார்கள். பழைய அச்சு பிழைத்திருந்தால் அதிலேயே இன்று புதிதாக அடிப்பவர்களும் உண்டு. அதிகாரிகளின் பக்கிளில் வட்டத்தின் முதுகிலும் வளையத்தின் முதுகிலும் ஒரே எண் குத்தியிருந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று ராவிப் பொருத்திய ஜோடி. எண் மாறியிருந்தால் எங்கோ ஜோடி பிரிந்திருக்கிறது.

அந்தச் சிறு எண்ணைப் பற்றித்தான் நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அது படைக்காகப் போட்டதில்லை. எது எதோடு சேரும் என்று பட்டறையில் ஒருவர் தன் வசதிக்குக் குத்திக்கொண்ட அடையாளம். வெள்ளி வேலைப்பாடு என்றால் பர்மிங்காம் பரிசோதனைச் சாலையின் நங்கூர முத்திரை இருக்கும், ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கும், நிறுவனத்தின் எழுத்துகளும் இருக்கும். அடித்தவரின் பெயர் மட்டும் இருக்காது. இது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. பழைய பக்கிள்களில் பள்ளங்களில் தேங்கி நிற்கும் கெட்டியான பொன்னிறம் தீயில் ஏற்றியது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தைப் புகையாக ஓட்டுவார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும், புத்தி தடுமாறும். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்த நஞ்சு மெல்ல விலகியது. அணிவகுப்பில் மின்னிய அந்தப் பொன்னுக்கு விலை கொடுத்தவர்கள் அணிவகுப்பில் நடக்கவில்லை.

மறுநாள் வால்சாலுக்குப் போனேன். ரயிலில் அரை மணிநேரம்கூட ஆகாது. தோல் வேலையால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கால்பந்து அணிக்கே ‘சேணக்காரர்கள்’ என்பதுதான் செல்லப்பெயர். 1900ஐ ஒட்டி ஏறக்குறைய 10,000 பேர் இங்கே தோலை நம்பிப் பிழைத்தார்கள், பெண்களும் ஏராளம். தோல் அருங்காட்சியகத்தில் ஓர் அம்மாள் முழங்கால்களுக்கிடையில் மரக்கவ்வியை இடுக்கிக்கொண்டு வார் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. நூலில் தேன்மெழுகு. குத்தூசியால் துளையிட்டு, இடக்கை ஊசியும் வலக்கை ஊசியும் அதே துளையில் எதிரெதிராகப் போகும். கண் என்னைப் பார்த்தபோதும் கை நிற்கவில்லை. “இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் உருவிக்கொண்டு போகும். இதில் ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்” என்றார். வாரின் வயதையும் தரத்தையும் மதிப்பிடுபவர்கள் முதுகுப்பக்கத் தையலைத் தடவிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

தோள்வாரோடு கூடிய பழுப்பு இடைவார் ஒன்றும் அங்கே கண்ணில் பட்டது. நம் காவல்துறை அதிகாரிகளிடம் பார்த்த அதே குறுக்கு வார். பாரக்பூரில் 1824இல் பிறந்த சாம் பிரவுன், 1858இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். உறையைப் பிடிக்க இன்னொரு கை இல்லாமல் வாளை உருவுவதற்காகவே இந்த வார் வந்தது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

என் பக்கிளைப் பற்றிப் பெரியவர் சொன்ன தீர்ப்பு இது: அசல். படைப்பிரிவு தெரியாது. சிங்கத்தின் முகம் தேய்ந்திருக்கிறது, பள்ளத்திலுள்ள எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன. ஆக, ஒரு சிப்பாய் தினமும் இதைத் துலக்கியிருக்கிறான். நம் வீட்டுக் குத்துவிளக்கின் அன்னம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மூக்கிழப்பது போலத்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் பட்டாளத்துத் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால், உள்ளே பித்தளைப் பக்கிள் ஏதும் கிடைத்தால், தயவுசெய்து புளியும் பிராஸோவும் போடாதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். திருப்பிப் பாருங்கள். எண்ணோ எழுத்தோ இருந்தால் எழுதி வையுங்கள், வாரோடு இருந்தால் வாரைப் பிரிக்காதீர்கள். அணிந்தவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் பெயரையும் கேட்டு அதோடு எழுதி வையுங்கள்.