பற்றுச்சீட்டு எழுதிய கை

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். வங்கியொன்றிலே இலிகிதர் வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல வந்தவனின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. "படிச்ச சரித்திரமெல்லாம் வீண்தானே, சேர். இனி மற்றவையின்ரை காசை எண்ணுறதுதான் வேலை" என்றான். தேநீர் ஆறிப்போவதையும் மறந்து அவனுக்கு ஓர் இலிகிதரின் கதையைச் சொன்னேன்.

மைக்கல் கொலின்ஸ் 1890 இல் அயர்லாந்தின் கோர்க் பகுதியிலே ஒரு கமக்காரரின் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஆறு வயதிலே தந்தையை இழந்தார். அரசாங்கப் பரீட்சையொன்றிற் சித்தியடைந்து, 1906 இல், பதினைந்து வயதுப் பிள்ளையாக இலண்டன் சென்று, தமக்கையாருடன் தங்கித் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியிலே இலிகிதரானார். பின்னர் பங்குத் தரகர் கந்தோர், அரசாங்கக் கந்தோர், இறுதியாக நியூயோர்க் வங்கியாகிய கரன்ரி ட்றஸ்ற்றின் இலண்டன் கிளை என்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கேடுகளின் மத்தியிலே கழிந்தன.

1916 தை மாதத்திலே பிரித்தானியாவிற் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் வந்தது. அந்த அரசுக்காகத் துவக்குத் தூக்க விரும்பாத கொலின்ஸ் வேலையை விட்டு டப்ளின் திரும்பினார். அவ்வாண்டு சித்திரை 24 ஆம் திகதி ஆங்கில ஆட்சிக்கெதிராக எழுச்சி மூண்டபோது, கிளர்ச்சியாளரின் தலைமையகமாக விளங்கியது டப்ளின் பெரிய தபாற்கந்தோர். அங்கே யோசப் பிளங்கற் என்னும் தலைவருக்கு உதவியாளராக நின்றார். "தபாற்கந்தோர் அவரை விட்டபாடில்லை" என்று நான் சொன்னபோதுதான் மாணவன் சிரித்தான். ஒரு வாரத்திலே எழுச்சி அடங்கியது. மார்கழி வரை வேல்ஸ் நாட்டின் தடுப்பு முகாமொன்றில் இருந்தார்.

இனித்தான் இலிகிதரின் கதை வருகிறது. 1919 இல் ஐரிஷ் மக்களின் பிரதிநிதிகள் தமக்கெனப் பாராளுமன்றம் ஒன்றைக் கூட்டினர். கொலின்ஸ் அதன் நிதியமைச்சரானார். திறைசேரியில் ஒரு சதமுமில்லை, பொலிசார் தேடுகின்றனர். மக்களிடம் 250,000 பவுண் கடன் கேட்டார். அறிவித்தலை வெளியிட்ட பத்திரிகைகளை அரசு தடைசெய்தது; எனினும் 370,000 பவுணுக்கு மேற் சேர்ந்தது. இதிலே என்னை வியக்கவைப்பது தொகையன்று. மறைந்து வாழ்ந்துகொண்டு, சைக்கிளிலே கந்தோர் கந்தோராக மாறித் திரிந்த மனிதர், பணம் தந்தவருக்குப் பற்றுச்சீட்டுப் போய்ச் சேரவேண்டுமென்பதில் விடாப்பிடியாக இருந்தார். கணக்கு அனுப்பத் தாமதித்தவர்களைக் கடிந்து கடிதம் எழுதினார். ஏறத்தாழ 25,000 பவுண் தங்கமாக, கட்டட வேலை செய்த ஒரு நண்பரின் வீட்டுத் தளத்தின் கீழே, குழந்தைப் பிரேதப் பெட்டியொன்றிலும் வேறு பெட்டிகளிலும் புதைந்துகிடந்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பின்னாளில் ஐரிஷ் அரசு அதைத் திருப்பிச் செலுத்தியது. கொலின்ஸ் அதைக் காணவில்லை. 1922 ஆவணி 22 ஆம் திகதி, உள்நாட்டுப் போரிலே, தம் சொந்தக் கோர்க் மண்ணிலே, தம் நாட்டவரின் துவக்குக்கே இரையானார். வயது முப்பத்தொன்று.

இவ்விடத்தில் நிறுத்தியிருக்கலாம். வகுப்பிலே பல ஆண்டுகள் இங்கேதான் நிறுத்தியும் வந்தேன். அன்று ஏனோ மனம் ஒப்பவில்லை.

அந்தப் பணம் எந்த வங்கியில் எவர் பெயரிலே கிடக்கிறதென்று துருவ, அலன் பெல் என்னும் முதிய நீதவானை அரசு அமர்த்தியிருந்தது. அவரும் அயர்லாந்திற் பிறந்தவரே. வங்கி முகாமையாளர்களை அழைத்துக் கணக்குகளை விசாரிக்கத் தொடங்கினார். 1920 பங்குனி 26 ஆம் திகதி காலை, வழமைபோல் திராம் வண்டியிலே கடமைக்குச் சென்றுகொண்டிருந்தவரைக் கொலின்ஸின் ஆட்கள் இறக்கி, தெருவோரத்திலே சுட்டுக் கொன்றனர். வண்டியிலிருந்த பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தனர். பெல் கண்டுபிடித்திருந்தால் ஏழைகளின் சேமிப்புப் பறிபோயிருக்கும் என்று நியாயம் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன்.

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. படலையடியில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அவரும் கணக்குப் பாக்கிறவர்தானே, சேர்?" என்றான்.

"ஓம், தம்பி" என்றேன்.