கசந்த உப்பு

பிள்ளையின் விஞ்ஞானச் செயற்றிட்டம் பெரும்பாலும் பெற்றோரின் செயற்றிட்டமாகவே முடிந்துவிடுகின்றது. அழகிய மாதிரியொன்றைப் பெரியவர்கள் ஆக்கிக் கொடுக்க, அதனைச் சுமந்து செல்வதே பிள்ளையின் பங்காகின்றது. உதவி எங்கே முடிகின்றது, அபகரிப்பு எங்கே தொடங்குகின்றது என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. புத்தளம் கரையோரச் சிற்றூரொன்றில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று இவ்வினாவைத் தெளிவாக்குகின்றது.

கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, வடக்கே கடலோடு கலக்கக் கிடப்பது புத்தளம் களப்பு. நீண்ட வறட்சியும் காற்றும் அதன் கரையை உப்பு விளையும் நிலமாக்கியுள்ளன. அங்குள்ள உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் தரம் எட்டில் பயில்பவன். செயற்றிட்டத்துக்கெனக் கடையில் விற்கும் ரொக்கட் மாதிரியையே அவன் விரும்பினான். கையில் பணமில்லாத வாப்பா களப்பு நீரைக் காட்டினார். தகப்பனின் தொழிலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல அவனுக்குக் கூச்சம். எனினும் வேறு வழியிருக்கவில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய வாப்பாவுக்குப் ‘பளிங்காதல்’ என்ற சொல் தெரியாது. ஆயினும், நீரை அடுத்த பாத்திக்கு எப்போது மாற்றுவது, முற்றாக வற்றுமுன் உப்பை எப்போது வாருவது என்பவற்றை அவர் நன்கறிவார். மகனோ தட்டொன்றில் நீரூற்றி, முற்றாகவே வற்றவிட்டான். எஞ்சிய உப்பு கசந்தது. இரவின் ஈரக்காற்றில் கசியவும் தொடங்கியது. ஒப்படைக்கும் நாளும் நெருங்கியது.

“அளத்து உப்புல ஒரு பிடி எடுத்து வைச்சா ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார் உம்மா.

வாப்பா இணங்கவில்லை. “அது அளத்து உப்பு. உன்ட உப்பு இதுதான் மகன். இது ஏன் கசக்குது என்டு எழுது.”

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் கறியுப்பு முக்காற் பங்கிலும் சற்றே அதிகம். நீர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படிகின்றது; பத்திலொரு பங்காகும்போது கறியுப்பு படியத் தொடங்குகின்றது. கசப்பான மகனீசிய உப்புக்கள் கடைசிவரை நீரிலேயே நிற்கின்றன. அந்நீரை வடிக்காவிடின் அவையும் உப்போடு சேர்ந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உப்புக்கள் படியும் இவ்வரிசையை, மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி 1849இல் ஆராய்ந்தவர் உசிலியோ என்னும் இரசாயனவியலாளர். அதே வரிசையே உப்பளத்தில் பாத்திகளாக விரிந்து கிடக்கின்றது.

சிறுவன் மீண்டும் நீரெடுத்தான். இம்முறை மூன்று தட்டுக்கள். மட்டம் குறையக் குறைய அடையாளமிட்டு, தெளிந்த நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினான். கேட்டவற்றுக்கு மட்டும் வாப்பா விடையளித்தார், தட்டைத் தொடவில்லை. கசந்த உப்பும் நல்லுப்பும் அருகருகே கண்காட்சிக்குச் சென்றன.

பரிசு வண்ண எரிமலை ஒன்றுக்குக் கிடைத்தது. எனினும் ஆசிரியரின் வினாக்கள் அனைத்துக்கும் சிறுவன் தானே விடை கூறினான். இவற்றை எவ்வாறு அறிந்தாய் என்று அவர் கேட்டபோது, “வாப்பா அளத்துல வேலை செய்றவர்” என்றான், கூச்சமின்றி.

புள்ளியிடுவோர் மாதிரியின் அழகை அளப்பது எளிது; அதனை ஆக்கிய பிள்ளையை விசாரித்தறிவதே கடினம். அக்கடினமான பணியை ஆசிரியர்கள் ஏற்கும்வரை, பெற்றோர் மாதிரிகளையே செய்து கொடுத்துக்கொண்டிருப்பர். பிள்ளையின் தவறு பிள்ளையின் கையிலேயே இருக்கவேண்டும். அதன் காரணத்தைத் தேட அருகிலிருப்பதே பெரியோர் செய்யத்தக்க உதவி.