ஓசை போகாத கம்பி

ஒரு கீபோர்டில் கட்டையை அழுத்தினால் இன்னொரு கருவியும் கூடவே ஒலிக்கும்படி செய்யும் இணைப்பு முறைக்கு ‘மிடி’ என்று பெயர். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் கம்பியில் ஓசை போவதில்லை. எந்தக் கட்டை அழுந்தியது, எவ்வளவு வேகத்தில் அழுந்தியது, எப்போது விடுபட்டது என்ற தகவல் மட்டுமே போகிறது. ஒலியை உண்டாக்குவது மறுமுனையில் இருக்கும் கருவியின் பொறுப்பு. நம் ஊர் இசைக்குழுக்களில் எல்லாருக்கும் பழக்கமான ஆக்டோபேட், 1985இல் முதலில் வந்தபோது அதற்குச் சொந்தமாக ஒரு ஓசையும் கிடையாது. குச்சியால் தட்டியதை மிடி வழியாக வேறொரு கருவிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை.

மிடி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தது. ஒன்றின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசாது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித் 1981இல் பொதுவான ஒரு முறையை முன்வைத்தார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி அதே எண்ணத்தோடு மற்ற நிறுவனங்களைத் திரட்டினார். 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரு நிறுவனங்களின் கீபோர்டுகளும் ஒரே கேபிளில் சேர்ந்து ஒலித்தன. இந்த முறையைப் பயன்படுத்த யாரும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை என்று விட்டதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். போட்டி நிறுவனங்களும் தயங்காமல் ஏற்றுக்கொண்டன. இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கேபிளின் உட்புறத்தைத் திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் பழுதுபார்க்கும் பட்டறையில் பார்த்தேன். கோயில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் கானமேளாக் குழுக்களின் கீபோர்டுகள் இங்கே வரிசைகட்டும். அன்று வந்திருந்தது, கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஓசை நிற்காத ஒரு கருவி. மார்த்தாண்டத்துக்காரரான டெக்னீஷியன் அதன் மூடியைத் திறக்கவே இல்லை. ஐந்து ஊசி பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரின் முனைகளை நான்காம் ஊசியிலும் பிறகு ஐந்தாம் ஊசியிலும் வைத்து, கம்பியை மெல்ல வளைத்துப் பார்த்தார். ஐந்தாம் ஊசியில் ‘பீப்’ விட்டுவிட்டுக் கேட்டது. “கீபோர்டுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே, கேபிள்தான் கேடு” என்றார் கொண்டுவந்தவரிடம்.

தகவல் ஓடுவது இந்த இரண்டு ஊசிகளில்தான். இரண்டாவது ஊசி கம்பியின் மேலுறைக்கு. ஒன்றும் மூன்றும் சும்மா இருக்கின்றன. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில், ஒரு சுரத்துக்கான கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிவிநாடி ஆகும். ‘தொடங்கு’ ஒரு கட்டளை, ‘நிறுத்து’ தனிக் கட்டளை. முதலாவது போய்ச்சேர்ந்து, கம்பி விட்ட நேரத்தில் இரண்டாவது தொலைந்துபோனால் சுரம் அப்படியே தொங்கி நிற்கும். ஊசியில் ஈயம் வைத்ததும் கோளாறு தீர்ந்தது.

தகவலை வாங்கும் கருவியின் வாசலில் ஒரு சிறிய ஐ.சி. இருக்கிறது. மின்குறிப்பு அதற்குள் ஒளியாக மாறி, சிறிய இடைவெளியைக் கடந்து, மறுபடி மின்குறிப்பாகிறது. இரு கருவிகளுக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாததால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றுக்குப் போகாது. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகத் தெரியும்.

ஒரே கேபிளில் 16 சேனல்கள் உண்டு. அழுத்தும் வேகத்துக்கு 0 முதல் 127 வரை எண்கள். மேலைப் பியானோவுக்கு இது போதும், கமகத்துக்குப் போதாது. சுரத்தை வளைக்கும் சக்கரத்துக்கு 16,384 படிகள் இருந்தாலும், அது ஒரு சேனல் முழுவதையும் சேர்த்தே வளைக்கிறது. ஒரு கையால் ஆதார சுரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சுரத்தை அசைத்தால் ஆதாரமும் சேர்ந்து ஆடும். கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கும் கே. சத்தியநாராயணன் போன்றவர்கள் இந்தச் சக்கரத்தை வைத்தே கமகங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது கருவி தந்த வசதி அல்ல. கை சம்பாதித்த பயிற்சி.

ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கும் முறை 2018இல் ஏற்கப்பட்டது. 2020இல் வந்த மிடி 2.0, சுரத்தைத் தனித்தனியே வளைக்க வழிசெய்து, அழுத்தும் வேகத்தையும் 65,536 படிகளாக நுணுக்கியது. பழைய கருவிகளையும் அது கைவிடவில்லை: எதிர்முனை 1.0 மட்டுமே அறிந்தது என்றால் புதியதும் அந்த மொழியிலேயே பேசும். பட்டறைக்கு இப்போது வருபவற்றில் பல, யு.எஸ்.பி. வழியாகக் கணினியோடு சேர்பவை. ஐந்து ஊசிக் கேபிள்களும் அவற்றுக்குப் பக்கத்தில் குவிந்துதான் கிடக்கின்றன.