அஞ்சாவது பேர் யாருக்கு?

இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் இருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் பொதுவாகப் பேச்சுச் சத்தமே இருக்காது. ராத்திரி 11 மணிக்கு மேல் யாருக்குப் பேசத் தெம்பு இருக்கும்? மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துவிடுவார்கள். மீதிப் பேர் போனில் மூழ்கிவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை மட்டும் ஒருத்தரும் தூங்கவில்லை. காரணம், சுரேஷ் ரெய்னா.

"சிஎஸ்கேவுக்கு ஆடி முடிச்சவங்கள்ல அஞ்சு பேருக்கு மட்டும் சேப்பாக்கத்துல போட்டோ மாட்டணும். யார் யாரை மாட்டுவீங்க?" என்று பற்றவைத்தது, திண்டுக்கல்லில் இருந்து வந்து ஆறு மாதமே ஆன ட்ரெயினி பையன். "பெங்களூர்க்காரங்க 2022-லயே கெயிலையும் டிவில்லியர்ஸையும் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்துட்டாங்கண்ணே. அப்ப அவங்ககிட்ட ஒரு கப்புகூடக் கிடையாது. நாம அஞ்சு கப்பு வாங்கியிருக்கோம்!"

உடனே விதிகள் போடப்பட்டன. முதல் விதி, தோனி பேச்சு எடுக்கக் கூடாது. அவரைச் சேர்த்தால் வாதமே இருக்காது. இரண்டாவது விதி, அஞ்சுக்கு மேல் ஒரு பேர்கூடக் கூடாது.

முதல் பேரில் சண்டை இல்லை. ரெய்னா. ஐபிஎல்லில் முதன்முதலாக 5,000 ரன்னைத் தொட்டவர். "2014 பஞ்சாப் மேட்ச் ஒண்ணு போதாதா? 25 பந்துல 87!" என்றான் பையன்.

"அந்த மேட்ச்ல ரன் அவுட் ஆகி, கடைசியில 24 ரன்ல தோத்தோம்டா" என்றார் முன் சீட் லைன் லீடர்.

"தோத்த மேட்ச்னா என்னங்கண்ணா? இன்னிக்கு வரைக்கும் பேசுறோம்ல?" என்றது பின்னால் இருந்து ஒரு குரல். செங்கத்தில் இருந்து வந்து சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் அசெம்ப்ளி லைன் பெண். அதோடு வாதம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது.

பிராவோவுக்கு 2013-லும் 2015-லும் பர்ப்பிள் கேப். ஹஸ்ஸிக்கு 2013-ல் 733 ரன்னோடு ஆரஞ்சு கேப். ஹேடனுக்கு 2009-லேயே அது கிடைத்துவிட்டது, அதோடு அடுத்த வருஷம் அவர் கொண்டுவந்த அந்தக் குட்டை மங்கூஸ் பேட். 2011 ஃபைனலில் சேப்பாக்கத்திலேயே 95 அடித்த முரளி விஜய். அதே ஃபைனலில் முதல் ஓவரிலேயே கெயிலை ரன் எடுக்கவிடாமல் அனுப்பிய அஸ்வின். ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை 2008-ல் எடுத்த பாலாஜி. 2012-ல் பெங்களூருக்கு எதிராக, கோலி வீசிய ஓவரைப் பிரித்து மேய்ந்து ஏழே பந்தில் 28 அடித்த ஆல்பி மோர்க்கல். ஆளாளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள்.

"வாட்சன் இல்லாம போர்டே கிடையாது" என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டே டிரைவர். "2018 ஃபைனல்ல 117 நாட் அவுட். அதுக்காகக்கூடச் சொல்லல. அடுத்த வருஷம் முட்டியில ரத்தம் வழிய வழிய 80 அடிச்சான் பாரு, அதுக்காகச் சொல்றேன்."

"அதுவும் ஒரு ரன்ல தோத்த மேட்ச்தான்" என்றார் லைன் லீடர். இந்த முறை யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த மெயின்டனன்ஸ் அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். பிளான்ட்டில் 18 வருஷ சர்வீஸ். சட்டைப் பையில் ஒரு மடித்த காகிதம் வைத்திருந்தார்.

"பத்ரிநாத்."

பையன் சிரித்துவிட்டான். போனில் தேடிப் பார்த்து, "95 மேட்ச்ல 1,441 ரன்ணே. ரெய்னா சிஎஸ்கேவுக்கு அடிச்சதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல" என்றான்.

"அந்த 95-ல எத்தனை மேட்ச்ல அவன் கைக்கு பேட்டே வரலன்னு பாத்தியா? மேல இருக்கிறவன் அடிச்சா இவன் பேடைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். மேல மளமளன்னு விழுந்தா மட்டும் இவனைக் கூப்பிடுவாங்க. லைன் ஓடுற வரைக்கும் மெயின்டனன்ஸ்காரன் சும்மா உக்காந்திருக்கான்னு சொல்லுவீங்க. லைன் நின்னா எங்கடா அவன்னு தேடுவீங்க. அதுமாதிரிதான்."

"அப்போ நீங்க உங்களுக்காகத்தான் பேசுறீங்க" என்றான் பையன்.

பஸ் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. ஏனென்றால் பையனைத் தவிர எல்லோருக்கும் அந்த மடித்த காகிதத்தில் இருப்பது என்னவென்று தெரியும்.

இப்படிப்பட்ட வாதங்கள் எங்கேயும் சுலபமாக முடிந்ததில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1936-ல் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுபவமுள்ள விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு, 75 சதவிகிதம் பேர் சம்மதித்தால்தான் ஒருவர் உள்ளே போக முடியும். பீட் ரோஸ் என்ற ஆட்டக்காரர் 4,256 ஹிட் அடித்து, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையை வைத்திருக்கிறார். சூதாட்டப் புகாரில் 1989-ல் தடை செய்யப்பட்டதால், 2024-ல் இறக்கும்வரை அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனால் அவருடைய சொந்த அணியான சின்சினாட்டி ரெட்ஸ், தனக்கென்று வைத்திருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் 2016-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது. 

நாடு வைக்கும் கணக்கு வேறு, வீடு வைக்கும் கணக்கு வேறு. ஊருக்கு நல்லவரா, பெரியவரா என்பது ஊர் பார்க்க வேண்டியது. நம் வீட்டுக் கூடத்தில் யார் படம் மாட்டுவது என்பதை அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள்தானே சொல்ல வேண்டும்?

அந்தக் காகித விஷயமும் ஒரு வீட்டுக் கணக்குதான். பிளான்ட்டின் கிரிக்கெட் டீம் தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறது. கேன்டீன் வாசலில் ஒரு போர்டு வைக்கப்போகிறார்கள். முன்னாள் ஆட்டக்காரர்கள் அஞ்சு பேரின் பெயர், எம்ப்ளாயி நம்பரோடு சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பழைய ஆட்கள் கூடிப் பேசி நாலு பேரை முடிவு செய்துவிட்டார்கள். அஞ்சாவது இடம்தான் இழுபறி.

ஒரு பக்கம், எட்டு வருஷம் விக்கெட் கீப்பராக நின்று, கடைசியில் இறங்கி, விரல் இரண்டு வளைந்துபோன மெயின்டனன்ஸ் அண்ணன். இன்னொரு பக்கம், ஒரே ஒரு சீசன் மட்டும் ஆடிய 'மலிங்கா'.

மலிங்கா கான்ட்ராக்டில் வந்த பையன். கையைப் பக்கவாட்டில் சுழற்றி டென்னிஸ் பாலை யார்க்கராக இறக்குவான். கம்பெனிகளுக்கு இடையே நடந்த போட்டியில் செமி ஃபைனலில் கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை என்றபோது மூன்றே ரன் கொடுத்தான். இந்த டீம் ஃபைனலுக்குப் போனது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு சீசன் ஆடினவனையும் எட்டு வருஷம் உழைச்சவரையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது" என்றார் லைன் லீடர். அவர் சொன்னதில் தப்பில்லை. "நல்லா போட்டான், யாரு இல்லன்னா? ஆனா விசுவாசம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவன் கான்ட்ராக்ட் முடிஞ்சு போனான். அவனா போகல" என்றார் டிரைவர்.

மெயின்டனன்ஸ் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஃபைனலுக்கு முந்தின ராத்திரி அவனுக்கு நைட் ஷிஃப்ட். காலையில நேரா கிரவுண்டுக்கு வந்தான். மேட்ச் நாளுக்கு எங்களுக்கெல்லாம் ஆன் டியூட்டி போட்டாங்க. டே ஷிஃப்ட்ல இருந்தப்போ ஆடின மேட்ச்சுக்கெல்லாம் அவனுக்குச் சம்பளம் போச்சு. எத்தனை நாள் போச்சுன்னு நான் ஒருநாளும் கேக்கல."

வல்லம் வடகால் சிப்காட் விளக்குகள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. செங்கத்துப் பெண் ஒரு விஷயம் சொன்னாள்.

"எங்க ஊர்ப் பக்கம் நடுகல் நிறைய இருக்கும்ணா. வேடியப்பன்னு கும்பிடுவோம். யாருன்னு பாத்தா, மாட்டை ஓட்டிட்டுப் போக வந்தவங்களை மறிச்சு நின்னு செத்துப்போன ஆளு. ராஜா இல்ல, பெரிய தளபதி இல்ல. எத்தனை வருஷம் சண்டை போட்டான்னும் யாரும் கணக்கெடுக்கல. அன்னிக்கு நின்னான், அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரிதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு ஒரு நாயின் உருவமும் உண்டு. திருடர்களைக் கடித்து எதிர்த்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குக்கூடப் பெயரை மறக்காமல் எழுதிய ஊர்க்காரர்கள்.

மெயின்டனன்ஸ் அண்ணன் காகிதத்தைப் பிரித்தார். நாலு பெயர்கள் இருந்தன. அஞ்சாவது எண்ணுக்கு நேரே காலி.

"எனக்கும் ஆசைதான். பொய் சொல்லல" என்றார். "என் பொண்ணு ஒருநாள் கேன்டீன் டே-க்கு வந்தா காட்டலாம்னு நினைச்சேன். ஆனா நான் இங்கதான் இருக்கப்போறேன். தினம் நாலு பேரு அண்ணேன்னு கூப்பிடுறீங்க. அவன் இங்க இல்ல. எழுதி வைக்கலைன்னா அவன் இங்க இருந்தான்னே யாருக்கும் தெரியாது."

பேனாவைத் திறந்தார். எழுதப்போனவர் நின்றார்.

"ஆமா, அவன் பேரு என்ன?"

பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை. மலிங்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. "ஏதோ 'கு'ல ஆரம்பிக்கும்ல?" என்றார் லைன் லீடர். அதுவும் அவருக்கு நிச்சயமில்லை. ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஃபைனலுக்குப் போன அன்று தோளில் தூக்கிச் சுற்றியிருக்கிறார்கள்.

டிரைவரின் போனில் 'மலிங்கா பவுலர்' என்று ஒரு நம்பர் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாப்பிங்கில் ஆட்கள் இறங்கும்போது அடித்துப் பார்த்தார்கள். அவனும் எங்கேயோ நைட் ஷிஃப்ட்டில்தான் இருந்திருக்க வேண்டும், இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான். பின்னால் மெஷின் சத்தம்.

"தம்பி, உன் முழுப் பேரு, இனிஷியலோட சொல்லு" என்றார் மெயின்டனன்ஸ் அண்ணன், ஸ்பீக்கரில் போட்டு.

அந்தப் பக்கம் ஒரு நொடி தயக்கம். "எதுக்குண்ணா? பி.எஃப். பணம் ஏதாச்சும் வந்திருக்கா?"

யாராலும் சிரிக்க முடியவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் தன் பெயரைச் சொன்னான். 'கு'வில் ஆரம்பிக்கவில்லை. அப்பா பெயரின் இனிஷியலைத் தனியாக ஒருமுறை சொன்னான். "அப்பா பாத்தா சந்தோஷப்படுவாருண்ணா" என்றான். "போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?"

எம்ப்ளாயி நம்பர் என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. அண்ணன் அங்கே ஒரு கோடு போட்டார். "நம்பர் இல்லன்னு பேரை எடுத்துட்டா?" என்றாள் செங்கத்துப் பெண்.

"கேட்டா நான் போய்ப் பேசுறேன்" என்றார் லைன் லீடர், திரும்பிப் பார்க்காமல்.

சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது பையன் மெயின்டனன்ஸ் அண்ணன் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் போனில் சிஎஸ்கே பட்டியல் திறந்திருந்தது. ரெய்னா, பிராவோ, ஹஸ்ஸி, வாட்சன். அஞ்சாவது இடத்தில் மோர்க்கல் பெயரை அழித்திருந்தான்.

"பத்ரிநாத்துக்கு இனிஷியல் என்னண்ணே?"

"எஸ்" என்றார் அவர்.