எரிமலையும் ஆர்மீனியர் மகனும்

சியாட்டில் பக்கம் வேலைக்கு வந்து சேரும் தமிழர்களுக்கு முதல் குளிர்காலத்தில் மலை கண்ணில் படுவதே அபூர்வம். மேகமும் தூறலும் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். பிறகு ஒருநாள் வானம் வெளுக்கும், சாலைக்கு எதிரே ரெய்னியர் வெள்ளையாக எழுந்து நிற்கும். பெல்வியூவிலோ ரெட்மண்டிலோ அலுவலக ஜன்னலோரம் நின்று, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் அதைக் காட்டாதவர்கள் குறைவு. அதற்கும் தென்மேற்கே இன்னொரு மலை இருக்கிறது, செயின்ட் ஹெலன்ஸ். அதற்கு உச்சி இல்லை.

1980 மே 18, ஞாயிறு, காலை 8.32. நிலம் அதிர்ந்து மலையின் வடக்குச் சரிவு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் மாண்டார்கள். மலையின் உயரம் ஏறத்தாழ 400 மீட்டர் குறைந்தது. கிழக்கே யாக்கிமா நகரம் சாம்பலில் மூழ்கிப் பகலிலேயே இருண்டது. வெடித்த அதிர்வு சியாட்டிலில் ஒரு வீட்டின் தெற்கு ஜன்னல்களில் வந்து மோதியது. அந்த வீட்டுக்காரர் ஆலன் ஹோவானெஸ், 69 வயது இசையமைப்பாளர். 1982-ல் அவர் எழுதி முடித்த ஐம்பதாவது சிம்பொனியின் பெயர் 'மவுன்ட் செயின்ட் ஹெலன்ஸ்'.

ஹோவானெஸும் சியாட்டிலுக்கு வந்து குடியேறியவர்தான். பிறந்தது 1911-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில்லில். அம்மா ஸ்காட்லாந்து வம்சாவளி. அப்பா, இன்றைய துருக்கியில் உள்ள அடானாவிலிருந்து வந்த ஆர்மீனியர். வேதியியல் பேராசிரியரான அவர், ஆங்கிலம்–ஆர்மீனிய அகராதி ஒன்றையும் தொகுத்தார். வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தும் பெற்றோருக்கு இந்த மனிதரை அறிமுகம் செய்யவே வேண்டாம்.

மகனோ முதலில் ஐரோப்பிய பாணியில்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1940-ல் பாஸ்டனை அடுத்த வாட்டர்டவுனில், செயின்ட் ஜேம்ஸ் ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கப் போனார். அகதிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கூடிப் பாடிய கோயில் அது. அந்தப் பாட்டுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. தாம் எழுதிய பழைய படைப்புகளில் ஏராளமானவற்றை அழித்துவிட்டு, அப்பா விட்டுவந்த உலகத்தின் இசையிலிருந்து புதிதாகத் தொடங்கினார். இதை வேர் தேடிய கதை என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே தொடங்கிய காது ஆர்மீனியாவோடு நிற்கவில்லை. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1959–60-ல் சென்னைக்கு வந்து கர்நாடக இசை படித்தார். பிறகு ஜப்பானிய, கொரிய இசையையும் தேடிப் போய்க் கற்றார். 'மெட்ராஸ் சொனாட்டா' என்று அவர் எழுதிய பியானோ இசையே உண்டு.

இந்தப் பின்னணி தெரிந்தால், எரிமலை சிம்பொனி நம் காதுக்கு ஏன் சட்டென்று பழகுகிறது என்பது விளங்கும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் சுருதி பேதம் செய்து அலைக்கழிக்கிற இசை அல்ல இது. ஒரு நிலையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே மெட்டை நிதானமாக வளர்க்கிறது. ராக ஆலாபனை கேட்டு வளர்ந்தவருக்கு இந்தப் பொறுமை புதிதில்லை. முயற்சி தேவைப்படுவது ஃபியூக் வரும் இடத்தில்தான். ஒரு வாத்தியக் கூட்டம் தொடங்கிய மெட்டை அடுத்தது சற்றுப் பின்னால் எடுத்துக்கொண்டு துரத்தும், மூன்றாவது அதன் பின்னால் வரும். முதல் தடவை எந்தக் குரலைப் பின்தொடர்வது என்றே தெரியாது. கீழே ஒலிக்கும் செல்லோவை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு முறை கேட்டால் வழி திறக்கும்.

அவருடைய கைமுத்திரை ஒன்று உண்டு. 1944-ல் எழுதிய 'லூசாட்சாக்' முதல் பல படைப்புகளில் அதைக் கேட்கலாம். வாத்தியக்காரர்களிடம் ஒரு சிறு ஸ்வரக்கோவையைக் கொடுத்து, தாளம் பாராமல் அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு வேகத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எழுமே ஓர் இரைச்சல், அப்படி ஒரு திரள் ஒலி மண்டபத்தை நிறைக்கும். பின்னால் ஐரோப்பிய நவீன இசைக்காரர்களும் இதைப் போன்ற முறைகளைக் கையாண்டார்கள்.

ஐம்பதாவது சிம்பொனிக்கு மூன்று பகுதிகள், மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் பகுதி மலையின் கம்பீரத்துக்கான துதி. இரண்டாவது, மலையடிவாரத்து ஸ்பிரிட் ஏரி. மணிகள் மெல்ல ஒலிக்க, மரக்குழல்கள் ஒவ்வொன்றாகத் தனித்துப் பாடும். மூன்றாவது, எரிமலை. விடியற்காலைத் துதியாக அமைதியாகத் தொடங்கி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முரசுகள் வெடிக்கும். டிராம்போன்கள் வழுக்கிக்கொண்டே ஓலமிடும். வீட்டில் கேட்பவர்கள் ஒலியளவைக் குறைக்கக் கை நீட்டுவார்கள், வேண்டாம். அந்த அதிர்ச்சி இல்லாவிட்டால், பிறகு திரும்பி வரும் துதிக்கு அர்த்தமில்லை.

இந்த இசை எளிது, சினிமாத்தனமானது என்று குறை சொன்னவர்கள் உண்டு. இரண்டாம் பகுதியைக் கேட்டுவிட்டு இன்றைய ஏரிக்கு ஒருமுறை போய் வந்தவர்கள் அப்படிச் சொல்வது கடினம். வெடிப்பில் வேரோடு சாய்ந்த மரங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வெளுத்த கட்டைகளாக அங்கே மிதக்கின்றன. காற்றடிக்கும் திசைக்கு அந்தக் கூட்டம் கரை மாறிக்கொண்டே இருக்கும். கரையில் விடுதி நடத்திய 83 வயது ஹாரி ட்ரூமன், வெளியேறச் சொல்லியும் கேட்கவில்லை. அவரும் விடுதியும் அடியில் புதைந்து போனார்கள். ஹோவானெஸ் எழுதியது அந்தப் பழைய ஏரியை.

ஜெரார்ட் ஷ்வார்ஸ் நடத்த, சியாட்டில் சிம்பொனி இசைக்குழுவே இதை ஒலிப்பதிவு செய்திருக்கிறது. தொடங்க அதுவே நல்ல இடம். அடுத்த வேலை இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் இசை சபைகளுக்கும் உரியது. பெல்வியூ, ரெட்மண்ட் பக்கத்து வீடுகளில் ஒரே பிள்ளை மாலையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வர்ணம் வாசிக்கிறது. மறுநாள் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் அதே வயலினை மோவாயில் இடுக்கிக்கொண்டு அமர்கிறது. பியானோ பழகும் பிள்ளைகளும் நிறைய. அவர்களில் கை தேர்ந்த ஒருவர் அடுத்த தியாகராஜ ஆராதனை மேடையில் 'மெட்ராஸ் சொனாட்டா'வை வாசிக்கலாம், கீர்த்தனைகளுக்கு நடுவே.