சர்வருக்கு எதுக்குப் பூட்டு?

2017 ஜனவரி. மாங்கோடிபி என்ற டேட்டாபேஸை பாஸ்வேர்டு இல்லாமலேயே இணையத்தில் திறந்து வைத்திருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அதிர்ச்சி. உள்ளே இருந்த தகவல்கள் மாயம்! 'பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருகிறோம்' என்று ஒரு குறிப்பு மட்டும் கிடந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே இல்லை.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில், டேட்டாபேஸுக்குள் நுழைய இனி ஆளுக்கொரு யூஸர்நேம், பாஸ்வேர்டு என்றார் டெக்னிக்கல் டீம் அண்ணன். "ஆபீஸுக்குள்ள இருக்கிற சர்வருக்கு எதுக்குண்ணா பூட்டு?" என்று கேட்டதும் அவர் சொன்ன கதைதான் இது.

"பாஸ்வேர்டையே வழியில் யாராவது திருடிட்டா?" என்றேன். அதற்குத்தான் 'ஸ்க்ராம்' என்றார். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 2017-ல் வந்த முறை. இதில் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பயணிப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாக ஒரு கணக்குப் போடச் சொல்லும். பாஸ்வேர்டு தெரிந்தவரின் கம்ப்யூட்டருக்குத்தான் சரியான விடை வரும். பதிலுக்கு சர்வரும் தான் அசல்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

ஆளுக்கொரு பெயர் இருப்பதில் இன்னொரு வசதி, யாருக்கு எது தேவையோ அதை மட்டும் காட்டலாம். எனக்குக் கட்டுரைகள் தெரியும். போட்டிகளுக்கு வாசகிகள் அனுப்பும் முகவரியும் செல்போன் எண்ணும் தெரியாது.

எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. நம்மை நம்பித் தந்த நம்பர், தேவைப்படாதவர் கண்ணில் படாமல் இருப்பதுதானே மரியாதை!